பூ கோயிலுக்குப் போயிருக்கிறது

என் மேசை இழுப்பறையில் ஒரு புகைப்படம் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. சுற்றிலும் வெள்ளை விளிம்பு, வலது மூலையில் ஒரு மடிப்பு. படத்தில் மனிதர் யாரும் இல்லை. ஒரு மண்பானையின் வயிறு, அதைச் சுற்றிய ஈரத்துணி, பானையடியில் நீண்டு வளைந்த இலைகள், அவற்றின் நடுவிலிருந்து நிமிர்ந்து நிற்கும் ஒரு தண்டு. தண்டின் நுனியில் பூ இல்லை. காய்ந்து சுருங்கிய இரண்டு மொட்டுகளும், நகத்தால் கிள்ளிய ஒரு புதுக் காயமும்தான் அங்கே இருக்கின்றன. என் ஆல்பங்களைப் புரட்டுகிறவர்கள் கோயில், தேர், கல்யாணம் என்று பார்த்துக்கொண்டே வந்து இந்தப் படத்தில் நின்றுவிடுவார்கள். "இத எதுக்குங்க எடுத்தீங்க?" என்று கேட்காதவர்கள் குறைவு. அதனாலேயே ஆல்பத்திலிருந்து எடுத்து இழுப்பறையில் போட்டேன். ஒரு பூவைப் படமெடுக்க இரண்டரை வருடம் காத்திருந்து, கடைசியில் எடுத்த படம் அது என்று எத்தனை பேருக்கு விளக்குவது?

எடுத்த நாள் 1957ஆம் வருடம், மாசி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை. பொதுத் தேர்தல் நடந்துகொண்டிருந்த சமயம். நயா பைசா வர இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. நான் அப்போது திருமயத்திலிருந்து பொன்னமராவதி போகும் சாலையில், ஒரு சிற்றூர்த் தபாலாபீசில் எழுத்தராக இருந்தேன். நாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதும் பழக்கம் அன்றைக்கே இருந்ததால் மாதமும் கிழமையும் நினைவை மட்டும் நம்பிச் சொல்பவை அல்ல.

அந்தத் தபாலாபீஸ் ஒரு நீள வீட்டின் முன்னறை. நடுவில் ஒரு கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் போஸ்ட்மாஸ்டரின் குடித்தனம். அதற்கும் பின்னால் கிணறு, துவைகல், தோட்டம். போஸ்ட்மாஸ்டர் விதிகளால் ஆன மனிதர். முத்திரைக் கட்டையில் தேதியை மாற்றிய பிறகுதான் காலைக் காபியைக் குடிப்பார். காது மடலில் எப்போதும் ஒரு காப்பியிங் பென்சில், எழுதினால் அழியாதது. எந்தக் காகிதத்தில் எதை எழுதினாலும் நாளையும் மணியையும் குறிப்பார். பலசரக்குக் கடைச் சீட்டில்கூட. அந்த ஒரு விஷயத்தில் எனக்கும் அவருக்கும் நன்றாகவே ஒத்துப்போயிற்று.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அவருடைய மனைவியைப் பற்றி. ஊர் முழுவதும் அவரைப் 'போஸ்ட்மாஸ்டரம்மா' என்றே அழைத்தது. நானும் அப்படித்தான்; நேரில் வெறும் 'அம்மா'. முப்பது வயதுக்கு ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கும். பிறந்து வளர்ந்தது குன்னூரில். அவருடைய அப்பா எங்கள் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாகப் போனவர், போஸ்ட்மாஸ்டருக்குத் தாய்மாமன். மகளைத் தன் அக்காள் மகனுக்கே கொடுப்பதாக வாக்குச் சொல்லிவிட்டுக் காலமாகிவிட்டார். தாய் அதற்கும் முன்பே இல்லை. தங்கையை வளர்த்தது பத்து வயது மூத்த அண்ணன். அவருக்கு அந்தச் சம்பந்தத்தில் மனம் இல்லை. மாப்பிள்ளை மேல் குறை இல்லை, ஊர் மேல்தான். 'குளிர்ல வளர்ந்த பிள்ள, அந்தப் பாறைக் காட்டு வெயில்ல வாடிப் போயிரும்' என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்பாவின் வாக்குக்காக, புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்த 1948இல் கல்யாணத்தை நடத்திவைத்தார். தங்கையை ரயிலேற்றி அனுப்பியவர், நான் அந்த ஆபீசுக்குப் போன 1954 வரை ஒருமுறைகூட இங்கே வந்து பார்த்ததில்லை.

கடிதம் மட்டும் மாதம் தவறாமல் வரும். தபால் பிரிப்பவன் நான் என்பதால் அந்தக் கையெழுத்து தூரத்திலிருந்தே தெரியும். நடுக்கதவைத் தட்டி நீட்டுவேன். அம்மா அங்கேயே நின்று படித்துவிட்டு, "அதே கேள்விதான்" என்பார். எல்லாக் கடிதமும் ஒரே வரியில் முடியும்: 'அங்கே வெயில் எப்படி?' இவர் பதிலில் 'நலம்' என்று எழுதுவார். அண்ணன் நம்ப மாட்டார். அடுத்த மாதம் மறுபடி அதே கேள்வி.

"நெசமாவே நல்லாத்தானே இருக்கீங்க, விவரமா எழுதலாமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எழுதாம என்ன தம்பி? நலம்னு பொய் எழுதுறவுகளும் அதே கடுதாசியிலதான் எழுதுறாக. படிக்கிற அண்ணனுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும்" என்றார். தபாலாபீசில் வேலை பார்த்தும் எனக்குத் தோன்றாத விஷயம் அது.

1954 புரட்டாசியில் குன்னூரிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பிஸ்கட் டப்பாவைத் துணியில் வைத்துத் தைத்திருந்தார்கள். போஸ்ட்மாஸ்டர் நூலை வெட்டாமல் நிதானமாகப் பிரித்துச் சுருட்டி வைத்துக்கொண்டார். உள்ளே ஈரப்பாசியில் பொதிந்த ஏழு கிழங்குகள். விரல் தடிமன்கூட இல்லை. வேர்க்கொத்து என்றால் இன்னும் சரி. கூடவே ஒரு கடிதம். அம்மா அதை உரக்கப் படித்தார். குன்னூர் வீட்டு வாசலில் நின்ற டே லில்லியின் கிழங்குகள். காலையில் விரிந்து மாலையில் சுருங்கிவிடும் பூ. மறுநாள் வேறு மொட்டு விரியும். 'உனக்கு ஞாபகம் இருக்கும். வெயில் தாங்காது என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். இது அங்கே பூத்தால் நீ நன்றாக இருக்கிறாய் என்று நம்புவேன்.'

அம்மா கடிதத்தை மடித்தார். போஸ்ட்மாஸ்டர்தான் பொங்கினார். "பாத்தியா, பாத்தியா! ஒங்கண்ணனுக்கு எம்மேல நம்பிக்கை இல்ல, ஊரு மேல இல்ல, ஒம்மேலயும் இல்ல. கெழங்கு மேல நம்பிக்கை வச்சிருக்காரு! பூக்க வச்சு, போட்டோ புடிச்சு, ரிஜிஸ்தர்ல அனுப்புறேனா இல்லையா பாரு."

"நீங்க எங்கிட்டுப் பூக்க வைக்க? முத்திர குத்துனா பூக்குமா? நாந்தான் வைக்கணும்" என்றார் அம்மா.

அவர் வைத்த விதம்தான் இன்றைக்கும் எனக்கு வியப்பு. எங்கள் மண் செம்பொறை. வெயில் காலத்தில் மண்வெட்டி பட்டால் கல்லில் பட்ட சத்தம் வரும். ஏழு கிழங்கில் நான்கைத் தோட்டத்தில் கனகாம்பரப் பாத்தியோரம் வைத்தார். அவை பங்குனி தாண்டவில்லை. மிச்சம் மூன்றுக்கும் குடிதண்ணீர்ப் பானையடியைத் தேர்ந்தெடுத்தார். கிணற்றடியின் கிழக்குச் சுவரோரம், கொய்யா மரத்து நிழலில், மணல் குவித்து அதன் மேல் குடிதண்ணீர்ப் பானை வைத்திருப்பார்கள். பானை கசியும், மணல் நாள் முழுவதும் குளிர்ந்திருக்கும். "வெயிலக் கொறைக்க நம்மால ஆகாது. வேருக்காவது குன்னூரக் குடுத்துருவோம்" என்று அந்த மணலைச் சுற்றிச் செம்மண்ணும் மக்கிய சாணமும் சேர்த்து மூன்று கிழங்கையும் வைத்தார். பானைக்கு ஈரத்துணி சுற்றினார். உச்சி வெயிலுக்குப் பனையோலைத் தட்டி. காலையில் மட்டும் சுவருக்கு மேல் ஏறிவரும் வெயில் இரண்டு மணி நேரம் இலை மேல் படும்படி தட்டியை நகர்த்துவார். அந்த வீட்டுத் தண்ணீர் அந்த வருடங்களில் தந்த குளிர்ச்சியை நான் வேறெங்கும் கண்டதில்லை. மனிதர்கள் குடித்தது செடிக்குப் போக மிச்சம்.

இலை வந்தது. செழிப்பாக, கொத்துக் கொத்தாக வந்தது. இலை மட்டும்தான் வந்தது. 1955 முழுவதும் இலை. 1956 முழுவதும் இலை. தெருவில் அதற்குப் 'போஸ்டாபீஸ் புல்லு' என்று பெயராகிவிட்டது. பால்காரம்மா தினமும் பால் ஊற்றும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் போக மாட்டார். "புல்லுக்குப் பந்தல் போட்டு, பானை வச்சு, துணி கட்டி... எம்மாட்டுக்குக் குடுத்திருந்தா ரெண்டு நேரமும் அரைப்படி கூடக் கறந்திருப்பேன்."

"ஒங்க மாட்டுக்குப் பந்தல் போட்டா நீங்க ஊத்துற தண்ணிய நிறுத்திருவீங்களாக்கும்?" என்பார் அம்மா. இருவரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கும்போது கண் முழுதாக மூடிக்கொள்ளும்; தலை ஒரு பக்கமாகச் சாயும். இந்த விவரத்தை வேண்டுமென்றே இங்கே எழுதிவைக்கிறேன்.

புகைப்படப் பெட்டி என்னுடையது. பினாங்கிலிருந்து திரும்பிய ஒருவரிடம் பழையதாக வாங்கியது. கறுப்பு அட்டைப் பெட்டி போல இருக்கும். இடுப்பளவில் பிடித்து, மேலே இருக்கும் சின்னக் கண்ணாடியில் குனிந்து பார்த்து, விசையைத் தட்ட வேண்டும். ஒரு பிலிம் சுருளில் எட்டுப் படம். சுருள் கிடைப்பதே அரிது. திருச்சிக்குப் போகிறவர்களிடம் சொல்லி வைத்தால் சில மாதத்தில் ஒன்று வரும். அந்தப் பெட்டியில் ஒரு பெரிய குறை. ஏழெட்டு அடிக்குக் கிட்டே இருப்பது எதுவும் தெளிவாக விழாது. ஏழடி தள்ளி நின்றால் பூ கடுகளவுதான் இருக்கும். இதற்கு வழி கண்டுபிடித்தவர் போஸ்ட்மாஸ்டர். தன் படிக்கும் கண்ணாடியைக் கழற்றி வில்லைக்கு முன்னால் பிடிக்கச் சொன்னார். "எனக்குக் கிட்டப் பாக்க ஒதவுறது அதுக்கு ஒதவாதா?" உதவியது. 1957 பொங்கலுக்கு ஒரு புதுச் சுருள் வந்தபோது நாங்கள் தயார், பூதான் இல்லை.

அந்தத் தை மாதத்தில் இரண்டு செய்தி வந்தது. ஒன்று, போஸ்ட்மாஸ்டருக்கு மாற்றல்: சித்திரைக்குள் அறந்தாங்கிப் பக்கம் போக வேண்டும். செடியைத் தூக்கிப்போகலாம், ஆனால் மறுபடி வேர் பிடித்து, மறுபடி வருடங்கள். இரண்டாவது, குன்னூர்க் கடிதம். நடுக்கதவில் நின்று படித்த அம்மா வழக்கம்போல 'அதே கேள்விதான்' என்று சொல்லவில்லை. காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். ஓரங்களில் பார்த்தார்.

"என்னம்மா?"

"வெயில் எப்படின்னு கேக்கல, தம்பி." காகிதத்தை மடித்து, "கேக்குறதையே விட்டுட்டாரு" என்றார். அன்று நடுக்கதவு அதற்கு மேல் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பூ விளையாட்டாக இல்லை. எங்கள் யாருக்கும் இல்லை. மாசி முதல் வாரத்தில் ஒரு காலை, ஆபீஸ் திறக்கும் முன்பே நடுக்கதவு படபடவென்று தட்டப்பட்டது. போனேன். இலைக்கொத்தின் நடுவில் சுண்டுவிரல் போல ஒரு தண்டு எட்டிப் பார்த்தது. அம்மா அதன் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்; தொடவில்லை. "மூச்சு விடாதீங்க" என்றார் எங்களிடம். தண்டு முழங்கால் உயரம் வந்தது. மூன்று மொட்டு வைத்தது. ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுக்க வேண்டும் என்று போஸ்ட்மாஸ்டர் வற்புறுத்தினார். "மொட்டுல இருந்து வரிசையா இருக்கணும். இல்லாட்டி எங்கேயோ வாங்கி ஒட்ட வச்சதும்பாரு எம்மச்சான்." இப்படி, அவர் மூக்குக் கண்ணாடி வழியாக நான்கு படம் போயிற்று, பொங்கலன்று எடுத்தவை இரண்டு. சுருளில் இரண்டு மிச்சம். வெயில் திடீரென ஏறியதில் மூன்று மொட்டில் இரண்டு விரியாமலேயே சுருங்கின. மொட்டும் ஒன்று மிச்சம்.

அதைக் காக்க எடுத்த ஏற்பாடுகளை என் நாட்குறிப்பில் வரிசையாக எழுதியிருக்கிறேன். ஆட்டுக்கு முள் படல். அணிலுக்குப் பழைய சல்லடை. எறும்புக்குத் தண்டைச் சுற்றிச் சாம்பல். தெருப் பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாயும் எச்சரிக்கையும். பால்காரம்மாவின் மாட்டுக்கு வேறு பாதை. எல்லாவற்றையும் யோசித்தோம். ஒருவரை மட்டும் யோசிக்கவில்லை.

அம்மன் கோயிலுக்குப் பூ எடுக்கும் பண்டாரம், அம்மா இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து, விடிந்ததும் பக்கவாட்டுப் படலைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குள் வருவார். நந்தியாவட்டையும் அரளியும் பறித்துக் குடலையில் போட்டுக்கொண்டு போவார். சாமிக்கு எடுக்கும் பூவுக்கு யாரும் யாரையும் கேட்பதில்லை. எந்த வீட்டுக் கொல்லையும் அந்த நேரத்தில் கோயில் கொல்லைதான். அவர் வருவதும் போவதும் காகம் வந்துபோவது போல. வீட்டில் யாரும் தலை நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா ஐந்து மணிக்கே எழுந்து பார்த்திருக்கிறார். மொட்டு வாய் திறந்திருந்தது. ஆறு மணிக்குப் பாதி விரிந்தது. சல்லடையை எடுத்துவிட்டு, வெயில் சுவரேறி வர எட்டு மணி ஆகும் என்பதால் அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போயிருக்கிறார். மாசிக் கடைசி வெள்ளி. கோயிலில் சந்தனக் காப்பு. வழக்கமான பூ போதாது என்று பண்டாரம் அன்று தோட்டம் முழுவதும் சுற்றியிருக்கிறார். நான் ஏழரைக்குப் பெட்டியோடு போனபோது கணவனும் மனைவியும் பானை முன்னால் நின்றிருந்தார்கள். தண்டு மட்டும் நின்றது.

நான் உளறினேன்: "அணிலா சார்?"

"அணிலு படலத் தெறந்து, மறுபடி சாத்திட்டுப் போகுமாய்யா?" என்று கத்தினார் போஸ்ட்மாஸ்டர். பிறகு கையை உதறிக்கொண்டு இரண்டு நடை நடந்தார். "எடுங்க. வெறுந் தண்டையாவது எடுங்க. பூத்ததுக்கு அத்தாட்சி வேணும்." கண்ணாடியைப் பிடித்தார், விசையைத் தட்டினேன். ஏழாவது படம். இழுப்பறையில் இருப்பது அதுதான்.

நானும் அம்மாவும் கோயிலுக்கு ஓடினோம். போஸ்ட்மாஸ்டரால் வர முடியாது. எட்டு மணிக்கு ஆபீஸ் திறக்க வேண்டும், பஸ்ஸில் தபால் பை வந்துவிடும். அந்த அவசரத்திலும் எனக்கு விடுப்புச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார். கோயில் வாசலில் பண்டாரம் நின்றிருந்தார். எங்களைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ச்சி.

"வாத்தா! இன்னைக்கு ஒன் வீட்டுப் பூவுதான் ஆத்தாளுக்கு உச்சியில. இத்தன வருஷமா வெள்ளையாக் குடுத்த வீடு, இன்னைக்குன்னு பாத்துப் புதுசா ஒண்ணு குடுத்திருக்கு. நான் என்ன நெனச்சேன் தெரியுமா, ஆத்தாளே கேட்டு வாங்கிக்கிட்டா!"

அம்மா சொல்ல வந்ததை விட்டுவிட்டு உள்ளே நடந்தார். இரண்டரை வருடக் கதையை அந்த முகத்தின் முன் எப்படிச் சொல்வது? உள்ளே இருட்டில், விளக்கொளியில், சந்தனக் காப்பின் மேல் அந்தப் பூ இருந்தது. ஆறு இதழும் பின்னால் மடிந்து, தொண்டையில் மஞ்சள் ஒளியோடு. நான் அதை விரிந்த நிலையில் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா பார்த்தது ஒன்பது வருடத்துக்குப் பிறகு. பூசாரியிடம் மெதுவாகக் கேட்டேன். "சாத்துன பூவை எப்படித் தம்பி எடுக்க? உச்சிப் பூசை முடியட்டும். முடிஞ்சா அந்தம்மா கையிலயே குடுக்குறேன்."

காத்திருந்தோம். பறித்து மணிக்கணக்காகிவிட்ட பூ, ஒருநாள் மட்டுமே வாழும் பூ, வெளியே கல் சுடும் வெயில். அம்மா தூணில் சாய்ந்து உட்கார்ந்து கருவறையையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்குத் தபால்காரர் மூச்சிரைக்க வந்து போஸ்ட்மாஸ்டரிடமிருந்து ஒரு சீட்டைக் கொடுத்தார். காப்பியிங் பென்சிலில், மணி குறித்து: 'பூ கிடைத்ததும் வீட்டுக்குக் கொண்டுவரவும். நூலால் தண்டில் கட்டிப் படம் எடுத்துவிடலாம். யாருக்கும் தெரியாது.' அம்மா படித்தார். சீட்டைத் திருப்பி என்னிடம் பென்சில் வாங்கி எழுதினார். தபால்காரர் கையில் கொடுக்கும் முன் எனக்குக் காட்டினார்: 'சாமி தலையில் வைத்ததைச் செடியில் கட்டக் கூடாது. அண்ணனுக்குப் பொய்யும் அனுப்பக் கூடாது.'

உச்சிப் பூசை முடிந்து பூசாரி பூவைக் கொண்டுவந்தபோது நான் அதிசயித்தேன். வாடவில்லை. அந்தக் கருங்கல் கருவறையின் குளிர்ச்சி எந்தப் பானையும் தராத குளிர்ச்சி. அம்மா இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அம்மன் தலையில் இருந்து வந்த பூவைப் பெண்கள் கையில் வைத்திருக்க மாட்டார்கள், கீழே வைக்க மாட்டார்கள். வாங்கிய கையோடு தலையில் வைப்பார்கள். அவரும் வைத்துக்கொண்டார். பிறகு வாசல் வெளிச்சத்துக்கு வந்து என்னைப் பார்த்து, "இப்படியே எடுங்க தம்பி. தண்டுல இல்லாட்டிப் போகுது" என்றார்.

சுருளில் ஒரு படம். மூக்குக் கண்ணாடி ஆபீசில், போஸ்ட்மாஸ்டரின் மூக்கில். எட்டடி தள்ளி நிற்பதைத் தவிர வேறு வழி இல்லை. "திரும்பி நில்லுங்கம்மா, கொண்டை தெரியணும்" என்றேன். திரும்பி நின்றார். குனிந்து பார்த்து, மூச்சைப் பிடித்து, விசையில் விரலை வைத்தேன். அந்த நொடியில் படியோரம் நின்ற பண்டாரம், "ஆத்தாளுக்கு வச்சத ஒன் தலையில வச்சுக்கிட்ட. நாளையில இருந்து குடலைய எங்கிட்டுக் கொண்டாரணும்? கோயிலுக்கா, போஸ்டாபீசுக்கா?" என்றார். அம்மா தலையைத் திருப்பிச் சிரித்துவிட்டார். விசை விழுந்துவிட்டது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் வீட்டுக்கு நடந்தேன். பூவைத் தவறவிட்டுவிட்டேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. மாலை ஐந்து மணிக்குப் பூ சுருங்கிற்று. அம்மா அதைத் தலையிலிருந்து எடுத்துப் பானையடியிலேயே புதைத்தார்.

பத்து நாளில் புதுக்கோட்டை ஸ்டுடியோவிலிருந்து படங்கள் வந்தன. எட்டாவது படத்தில் பூ ஒரு வெளுத்த திட்டு. பூ என்று சொன்னால் பூ. முகம் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது, மூடிய கண்ணும் சாய்ந்த தலையுமாக. போஸ்ட்மாஸ்டர் உச்சுக்கொட்டினார். ஆனாலும் ஏழாவது படத்தின் பின்னால் நாளும் மணியும் போட்டு எழுதினார்: 'காலை 7.40. பூ கோயிலுக்குப் போயிருக்கிறது.' எழுதி, "இது நீங்க வச்சுக்கங்க, தம்பி. ஆபீஸ் காப்பி" என்று என்னிடம் கொடுத்தார். அம்மா எட்டாவது படத்தின் பின்னால் எழுதினார்: 'நிறம் இதில் தெரியாது. மருதாணி வைத்த மூன்றாம் நாள் நிறம். நம் வீட்டு வாசலில் நின்ற அதே நிறம்.' அத்தாட்சிக்கு நெகட்டிவையும் வைத்து, போஸ்ட்மாஸ்டர் தன் கையாலேயே முத்திரை குத்தி ரிஜிஸ்தரில் அனுப்பினார். அதனால் அந்தப் படம் என்னிடம் இல்லை.

பதில் கடிதம் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தார். தினமும் தபால் பை பிரிக்கும்போது நடுக்கதவு ஒரு விரற்கடை திறந்திருக்கும். நான் தலையசைப்பேன். மூடிக்கொள்ளும்.

பங்குனிக் கடைசியில் ஒரு மத்தியானம், பஸ் போன புழுதி அடங்குவதற்குள், கவுண்டர் ஜன்னலில் ஒருவர் வந்து நின்றார். அந்த வெயிலில் கம்பளிக் கோட்டு ஒன்றைக் கையில் மடித்துப் போட்டிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். "இவங்க வீடு எதுங்க?" நான் எழுந்து நடுக்கதவைத் திறந்துவிட்டேன். அம்மா கிணற்றடியில் வாளியோடு நின்றார். பார்த்தார். வாளி கைநழுவிற்று.

"வாங்கண்ணே" என்றார். குரல் உடைந்து, பிறகு அதட்டலாயிற்று. "வெயில்ல ஏன் நிக்கிறீங்க? இங்கிட்டு நெழலுக்கு வாங்க!"

"இங்கிட்டா?" என்றார் அவர். தங்கை வாயில் எங்கள் ஊர்ப் பேச்சைக் கேட்டுச் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

போஸ்ட்மாஸ்டர் மச்சானைத் தண்ணீர் குடிக்கக்கூட விடவில்லை; பானையடிக்கு இழுத்துப் போய்க் காய்ந்த தண்டைக் காட்டினார். "நெசமாப் பூத்துச்சு மச்சான். படம் சரியா விழுகல. வேணும்னா பண்டாரத்தக் கூப்பிட்டு விசாரிச்சுக்கங்க."

அண்ணன் செடியைக் குனிந்து பார்க்கவே இல்லை. "பூ எங்கன இருக்குன்னு நானும் ரெண்டு நாள் தேடினேன், மாப்ளே. கெடைக்கல" என்றார். "இவ சிரிக்கிறது கெடைச்சுச்சு. எங்கப்பா இருந்தப்ப இப்படிச் சிரிப்பா." பிறகு பானையிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு குடித்தார். இரண்டாவது செம்பும் குடித்தார். "குன்னூர்த் தண்ணி மாதிரி இருக்கே" என்றார். அம்மா தட்டியை அவர் தலைக்கு மேல் நிழல் விழும்படி நகர்த்தினார்.

நான்கு நாள் தங்கினார். மாற்றலுக்கு மூட்டை கட்டியதே அவர்தான். அறந்தாங்கிக்குக் கிளம்பும் அன்று அம்மா அதே பிஸ்கட் டப்பாவில் ஒரு கிழங்குக் கொத்தை எனக்குக் கொடுத்தார். அறுபதுகளின் நடுவரை கடிதம் எழுதினார். அறந்தாங்கிப் பக்கத்துச் செடியும் பூத்ததாக ஒரு கடிதத்தில் ஒரு வரி வந்தது. படம் எடுத்தார்களா என்று நான் கேட்டு எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. தேவையிருந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

அந்தக் கொத்தின் வழிவந்த செடி புதுக்கோட்டையில் என் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. இன்றும் ஒரு மண்பானையடியில்தான். எல்லா வருடமும் பூக்காது. இந்த மாசியில் பூத்தது. விடுமுறைக்கு வந்திருந்த பேத்தியிடம் முதல் நாளே சொல்லிவைத்தேன். காலை ஆறு மணிக்கு மொட்டு பாதி விரிந்திருந்ததைப் பார்த்துவிட்டு அவளை எழுப்ப உள்ளே போனேன். அவள் போனைத் தேடி எடுத்துக்கொண்டு வருவதற்குள் கொல்லையின் பக்கவாட்டுக் கதவு திறந்து சாத்தியிருந்தது. தெருமுனைப் பிள்ளையாருக்கு யாரோ பூ எடுத்திருக்கிறார்கள். ஐம்பது வருடமாக அந்தக் கதவுக்கு நான் தாழ்ப்பாள் போட்டதில்லை.

பேத்திக்கு அழுகையே வந்துவிட்டது. "யாரு தாத்தா பறிச்சது? கேக்காமயா பறிப்பாங்க?" என்றவள், போனை உயர்த்தி, "வெறும் தண்டையாவது எடுக்கட்டா?" என்றாள்.

"வேண்டாம்மா" என்றேன். "அந்தப் படம் என்கிட்ட இருக்கு."